காயீனிடம் கேட்கப்பட்ட கேள்வி

முதல் கொலையைக் குறித்துப் பிரசங்கிக்கும்போது, அதற்கு முந்திய சம்பாஷணையை நாம் வேகமாய்க் கடந்துவிடுகிறோம். காயீனின் முகம் வாடியதைக் கண்ட தேவன், அவன் தம்பியின்மேல் கைவைக்குமுன்னே அவனிடம் வந்து கோபத்தின் காரணத்தைக் கேட்டார், எச்சரித்தார். காயீன் செவிகொடாமற்போனது வேறு காரியம். மிரட்டல் விடுக்கும் மாணவரைக் கையாள அமெரிக்கப் பள்ளி ஊழியர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியின் தொடக்கமும் இத்தகைய கேள்விதான்.

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரு மாணவர்கள் 13 பேரைச் சுட்டுக்கொன்று, தங்களையும் மாய்த்துக்கொண்டனர். அதன்பின் அந்நாட்டு ஜனாதிபதியைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் துறையும் கல்வித்துறையும் இணைந்து, 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தன. 2002-ல் வெளியான அறிக்கை, தாக்கிய 41 பேருக்கும் பொதுவான அடையாளம் எதுவுமில்லை என்றது. நன்றாய்ப் படித்தவர்களும் அவர்களில் இருந்தனர். ஆனால் நூற்றுக்கு 81 சம்பவங்களில் வேறொருவருக்காவது அந்த எண்ணம் முன்னமே தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் உடன்மாணவர்களே.

வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டூயி கார்னெல் 2001-ல் ஒரு வழிமுறையை உருவாக்கினார். தலைமையாசிரியர், ஆலோசகர், மனநல வல்லுநர், காவலர் ஆகியோர் ஒரு குழுவாகப் பயிற்சி பெறுவர். மிரட்டல் காதில் விழுந்ததும் பிள்ளையை வெளியே தள்ளாமல் விசாரிப்பர்: என்ன சொன்னாய்? யாரிடம் சொன்னாய்? எந்த எண்ணத்தில் சொன்னாய்? கேட்டவர்களையும் தனியே விசாரிப்பர். ஆத்திரத்தில் வந்த வார்த்தையானால் மன்னிப்போடும் ஒப்புரவோடும் முடியும். மெய்யான நோக்கம் தெரிந்தால், இலக்கானவரையும் இருதரப்புப் பெற்றோரையும் எச்சரித்துக் காவல் ஏற்பாடு செய்வர். 35 பள்ளிகளில் சோதித்தபோது வந்த 188 மிரட்டல்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு முதல் வகையே. நிரந்தரமாக நீக்கப்பட்டவர் மூவர் மாத்திரம். அறிந்தவரை ஒரு மிரட்டலும் நிறைவேறவில்லை. 2013-ல் வர்ஜீனியா மாநிலம் அரசுப் பள்ளிகள் யாவற்றுக்கும் இத்தகைய குழுக்களைச் சட்டமாக்கியது.

அந்நிய தேசத்துச் செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது. 2007 டிசம்பரில் குர்கானில் எட்டாம் வகுப்பு மாணவர் இருவர், தந்தையின் கைத்துப்பாக்கியால் உடன்மாணவனைச் சுட்டுக்கொன்றனர். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக்கொன்றான்.

பிரியமானவர்களே, பிழைப்புக்காக மாநகரங்களுக்கு வந்த நம் சபைகளில் ஆசிரியைகள் உண்டு. பள்ளி ஆயாக்களும் பேருந்து ஓட்டுநர்களும் உண்டு. பிள்ளைகள் மனந்திறந்து பேசுவதை முதலில் கேட்பவர்கள் பெரும்பாலும் இவர்களே. ஆனால் பயிற்சிக்கு அழைக்கப்படாதவர்களும் இவர்களே. "சின்னப்பிள்ளை விளையாட்டுக்குச் சொன்னான்" என்று முடிவுசெய்வது கேட்ட ஒருவரின் வேலையல்ல. கேட்ட சொற்களைக் கூட்டாமல் குறைக்காமல் அன்றே வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் தெரிவிக்கவேண்டும். அது காட்டிக்கொடுத்தல் அல்ல என்பதை ஞாயிறு பள்ளியிலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

மொழியினிமித்தமும் நிறத்தினிமித்தமும் பரியாசம்பண்ணப்படும் பிள்ளை, வீட்டில் அதைச் சொல்லாது. ஒருநாள் நோட்டுப்புத்தகத்தில் பயங்கரமான வரிகளைப் பெற்றோர் காண்கிறார்கள். ஊரார் அறிந்தால் என்னாவது என்று அஞ்சி, போதகரிடம் ஜெபக்குறிப்பாக மட்டும் கொடுத்துவிட்டு மறைத்துவைக்கிறார்கள். ஜெபிக்கட்டும், ஆனால் போதகர் அன்றே அவர்களோடு பள்ளிக்கும் செல்லட்டும். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவல்ல. உதவிக்கு 1098 என்ற கட்டணமில்லாச் சிறுவர் உதவி எண்ணும் உண்டு.

விசாரணை முடிந்து பிள்ளை வகுப்புக்குத் திரும்பும் நாளையும் அந்தப் பயிற்சி மறப்பதில்லை. பகடி செய்தவர்கள் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே அவன் நம்பும் பெரியவர் ஒருவரைக் குறிக்கிறார்கள்; அவர் காலையில் வாசலில் நின்று அவனிடம் நலம் விசாரிக்கிறார், மாலையில் மறுபடியும் கேட்கிறார்.