பஞ்சிழையின் நீளம்

படுக்கை விரிப்பு வாங்கப் போனால் அட்டையில் முதலில் கண்ணில் படுவது நூல் எண்ணிக்கை: 300, 600, 1000. ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையுமாக எத்தனை நூல்கள் ஓடுகின்றன என்ற கணக்கு அது. இரண்டு மூன்று மெல்லிய புரிகளைச் சேர்த்து முறுக்கிய நூலை, புரிக்கு ஒன்றாக எண்ணினால் 300 சுலபமாக 900 ஆகிவிடும். துணி எத்தனை சலவை தாங்கும் என்பதை அந்த எண்ணைவிட நன்றாகச் சொல்வது பஞ்சிழையின் நீளம்.

உலகப் பருத்தியில் மிகப் பெரும்பகுதி ‘ஹிர்சூட்டம்’ இனம். அதன் இழை பொதுவாக 25 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கும். எகிப்தின் உயர்ரக கீசா, அமெரிக்காவின் பீமா, கோவையில் உருவாகி 1974-இல் வெளியான நம் சுவின் ஆகியவை ‘பார்படென்ஸ்’ இனத்தவை. இவற்றின் இழை 35 மில்லிமீட்டரை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். இந்தச் சிறு வித்தியாசத்துக்கா இத்தனை விலை என்று கேட்கலாம். நூல் என்பது ஒன்றன்மேல் ஒன்று படிந்து முறுக்குண்ட இழைகள்தான். இழை குட்டையானால் அதே நீள நூலில் முனைகள் கூடும். நூலை விட்டு வெளியே நீட்டிக்கொள்ளும் முனைகள்தான் உரசலில் சிம்பெழும்பி, பிறகு விரிப்பெங்கும் உருண்டை உருண்டையாகத் திரள்கின்றன. நீண்ட இழைகள் ஒன்றையொன்று அதிக தூரம் பற்றிக்கொள்வதால், நூலை மெல்லியதாக நூற்றாலும் வலு குறையாது. விரிப்பு வழவழப்பாக இருந்துகொண்டே பல ஆண்டு உழைப்பது இதனால்தான்.

பெயரை மட்டும் நம்பலாமா? கூடாது. ‘எகிப்தியப் பருத்தி’ என்பது விளைந்த நாட்டைத்தான் சொல்கிறது, இழையின் நீளத்தை அல்ல. அந்த நாட்டின் பெயரே பொய்யாக இருந்ததும் உண்டு. அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் அப்பெயரில் விற்கப்பட்ட சுமார் 7.5 லட்சம் விரிப்புகளும் தலையணை உறைகளும் வேறு பருத்தியில் ஆனவை என்று 2016-இல் தெரியவந்தது.

விலைதான் நியாயமான மறுப்பு. எல்லாத் துணிக்கும் இந்தச் செலவு வேண்டியதில்லை என்பதே என் கருத்து. தேங்காய்ப்பூத் துண்டு நீரை உறிஞ்சுவதில் இழை நீளத்தைவிட, வளையங்களின் அடர்த்திக்கும் முறுக்கின் தளர்ச்சிக்கும் பங்கு அதிகம். முறுக்கு மிகவும் தளர்ந்த ஆடம்பரத் துண்டில் மட்டும், பஞ்சு உதிராமலிருக்க நீண்ட இழை தேவைப்படுகிறது. புழுக்கமான ஊர்களில் கனத்த துண்டு காய்வதற்குள் வாடை பிடித்துவிடும். அங்கே சாதாரணப் பருத்தியில் நெய்த ஈரிழைத் துண்டே மேல். விரிப்புக்குத்தான் கூடுதல் பணம் தகும். பார்படென்ஸ் கட்டுப்படியாகாதவர்கள் ஒற்றைப்புரி ‘கோம்டு’ (சீவிய) நூல் விரிப்பைக் கேட்டு வாங்கலாம். சீவும்போதே குட்டை இழைகள் கழிந்துவிடுவதால், நீண்ட இழையின் பயனில் கணிசமான பங்கு குறைந்த விலையில் கிடைத்துவிடுகிறது.