மின் இணைப்பு இல்லாத இடத்தில் கேரவன் முகாம்: பேட்டரியை மாற்றும் முன் போட வேண்டிய கணக்கு

திருவனந்தபுரம்: களியக்காவிளையைத் தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66, தமிழ்நாட்டிலிருந்து பூவார், நெய்யாறு அணை, பொன்முடி நோக்கிப் புறப்படுவோருக்கு நுழைவாயில். கேரவன் என்றாலே படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் தமிழர்களுக்கு நினைவுக்கு வரும். கேரள அரசோ 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022 பிப்ரவரியில் மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா வாகமண்ணில் திறக்கப்பட்டது.

பூங்காவில் வண்டிக்கு மின் இணைப்பு கிடைக்கும். எல்லையோரச் சிற்றூரில், உரிமையாளரின் அனுமதியுடன் ரப்பர் தோட்டத்து ஓரம் நிறுத்தினால் கிடைக்காது. அங்கே இரவு முழுவதும் மின்விசிறி ஓடுவதும், குளிர்பெட்டியில் வைத்த இன்சுலின் கெடாமல் இருப்பதும் வண்டியின் பேட்டரியைப் பொறுத்தவை.

மாற்றும் நேரம் எது?

ஈய-அமில பேட்டரியை முழுமையாக சார்ஜ் செய்து, எல்லா இணைப்புகளையும் துண்டித்துச் சில மணி நேரம் விட்டால் சுமார் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி காலி. முழு சார்ஜுக்குப் பிறகும் ஒரு மின்விசிறியின் சுமையில் இரண்டு மணி நேரத்தில் 12-க்குக் கீழே இறங்கினால், அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பயனில்லை.

இத்தகைய பேட்டரிகளில் பல, பயணத்தில் அல்ல, வீட்டுக் கொட்டகையில்தான் கெடுகின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் வெளியே வரும் வண்டியில் பேட்டரி மாதக்கணக்கில் சார்ஜ் குறைந்து கிடக்கும்போது, தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடுகிறது. வெப்பமும் எதிரிதான். 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணிப்பு.

ஒரு நாளுக்கு எவ்வளவு தேவை?

30 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 240 வாட்-மணி. 45 வாட் குளிர்பெட்டி நாளில் பாதி நேரம் இயங்கினால் 540. விளக்கு, கைப்பேசி, தண்ணீர் பம்புக்கு 120 வைத்துக்கொண்டால் மொத்தம் 900 வாட்-மணி.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. ஆயுள் கருதிப் பாதியை மட்டுமே எடுக்கலாம் என்பதால், கணக்கு அந்த 900-லேயே முடிந்துவிடுகிறது. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் எடுத்தாலும் ஆயிரத்துக்கு மேல் கிடைக்கும். முன்னது 50 கிலோவுக்கு மேல் எடை, பின்னது சுமார் 12 கிலோ. இழுத்துச் செல்லும் டிரெய்லருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடலாம். 12 வோல்ட் அமைப்பில் அது 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

கூரையில் 200 வாட் சூரியத் தகடு இருந்தால் நல்ல வெயில் நாளில் 600 வாட்-மணி வரை எதிர்பார்க்கலாம். ஆனால் திருவனந்தபுரம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் உண்டு. தோப்பு நிழலில் நிறுத்தினால் அதுவும் குறையும்.

பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது

டியூபுலரை எடுத்துவிட்டு அதே இடத்தில் லித்தியத்தை வைத்து, பழைய சார்ஜரையே தொடர்வதுதான் இதில் ஆபத்தான தவறு. லித்தியத்துக்கு ஏற்ற வோல்டேஜ் அமைப்புள்ள சார்ஜர் வேண்டும். ஓடும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரடியாக இணைத்தால் லித்தியம் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். இடையில் டிசி-டிசி சார்ஜர் தேவை. 30 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 400 வாட்-மணியைத் திரும்பத் தரும் என்பதால், மழைக்காலத்தில் சூரியத் தகட்டைவிட இதையே நம்பலாம்.

டியூபுலரே போதும் என்பவர்கள், அதைப் படுக்கைக்கு அடியில் மூடிய பெட்டியில் வைக்கக் கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். வெளிப்புறக் காற்றோட்டம் கட்டாயம். எந்த வகையானாலும் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பொருத்தும்போது நெகட்டிவ் கடைசியில். பழையதையும் புதியதையும் சேர்த்து இணைத்தால் புதியதும் விரைவில் கெடும்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

2022-ல் நடைமுறைக்கு வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரியைக் குப்பையுடன் கலக்காமல் சேகரிப்பு அல்லது மறுசுழற்சிப் பணியில் உள்ளவர்களிடம் ஒப்படைப்பது பயன்படுத்துவோரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே ஈய-அமில பேட்டரியைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வது வழக்கம். கூடுதலாகச் சில நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டுக் காயலான் கடையில் போட்டால், அது உடைக்கப்பட்டு அமிலமும் ஈயமும் மண்ணில் ஊறும். எல்லையின் இரு பக்கமும் இன்றும் பல வீடுகளில் குடிநீர் கிணற்றிலிருந்துதான் வருகிறது.