இருபது மீட்டர் டயர்த் தடம்

பிரேக்கை முழு மூச்சாக மிதித்ததில் கார் ஒன்று, காய்ந்த தார்ச்சாலையில் 20 மீட்டர் நீளத்துக்குக் கருந்தடம் பதித்துவிட்டு நிற்கிறது. என்ன வேகத்தில் வந்தது? ஓட்டியவரைக் கேட்டால் நாற்பது என்பார். எதிரே வந்தவரைக் கேட்டால் நூறு. தடத்தை அளவுநாடாவால் அளந்து கணக்குப் போட்டால் 60 கிலோமீட்டர்.

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும்போது, டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு அந்த ஆற்றலை வெப்பமாக்கித் தீர்க்கிறது. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் நிறை வருவதால் அது அடிபட்டுப்போகும். காரில் இருந்தது ஒருவரா ஐவரா என்ற கேள்வியே எழாது. வேண்டியவை தடத்தின் நீளமும் உராய்வுக் கெழுவும் மட்டுமே. காய்ந்த தாருக்குக் கெழு ஏறக்குறைய 0.7. சாலை நனைந்திருந்தால் 0.4 வரைகூட இறங்கும். அப்போது அதே 20 மீட்டர் காட்டுவது 45 கிலோமீட்டர் வேகத்தைத்தான். அன்று தூறல் விழுந்ததா என்பதற்கு வழக்கில் அத்தனை மதிப்பு உண்டு. தடம் முடியும் இடத்தில் கார் நிற்காமல் எதிலாவது மோதியிருந்தால், இந்தக் கணக்கு தருவது குறைந்தபட்ச வேகத்தை மட்டுமே. நசுங்கிய தகடு வாங்கிக்கொண்ட ஆற்றலைத் தனியே கூட்ட வேண்டும்.

இதே கணக்கில் இன்னொன்று இருக்கிறது. வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் அதை ஒருமுறை தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. 60 கிலோமீட்டரில் வரும் கார், சாலையைக் கடக்கும் ஒருவருக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் பிரேக் போட்ட இன்னொரு கார் 80இல் வந்திருந்தால்? 80இன் இருமடி 6400. அதில் 60இன் இருமடியான 3600 போக மீதி 2800. அதன் வர்க்கமூலம் 53. முதல் கார் நின்ற அதே புள்ளியை இரண்டாவது கார் 53 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஆகும் ஒன்றரை நொடியையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்: மோதும் வேகம் 65ஐத் தொடும். கூடுதலாக வந்தது என்னவோ 20 கிலோமீட்டர்தான்.

இரவு விபத்துகளில் ஓயாமல் வரும் வாதம், ‘அவன் லைட்டே போடவில்லை’ என்பது. இதற்குப் பழைய பல்பின் டங்ஸ்டன் இழை பதில் சொல்லும். எரிந்துகொண்டிருக்கும் இழை கடுமையாகச் சூடேறி இளகியிருக்கும். மோதலின் அதிர்ச்சியில் அது முறியாமல் இழுபட்டு வளைந்துவிடும். எரியாமல் குளிர்ந்திருந்த இழையோ நொறுங்கி, வெட்டுமுனை பளபளக்கும். கண்ணாடியும் உடைந்திருந்தால் சங்கதி இன்னும் தெளிவு: எரிந்த இழை காற்றுப்பட்டு ஆக்சைடாகி வெளிர்மஞ்சள் பொடியை விடும், கண்ணாடித் துணுக்குகள் அதில் உருகி ஒட்டியிருக்கும். மோதிய அந்தக் கணத்தில் விளக்கு எரிந்ததா இல்லையா என்பதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

எல்இடி விளக்கில் இழையே இல்லை. ஏபிஎஸ் பிரேக் சக்கரத்தைப் பூட்டவிடாததால் தடமும் மங்கலாகவே விழும். அவற்றின் இடத்துக்கு வந்திருப்பது ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்குள் இருக்கும் நிகழ்வுப் பதிவி. மோதலுக்கு முந்தைய ஐந்து நொடிகளில் வேகம் என்ன, பிரேக் மிதிக்கப்பட்டதா, சீட்பெல்ட் மாட்டியிருந்ததா என்பதெல்லாம் அதில் பதிவாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய வகைக் கார்களுக்கு இது கட்டாயம். நம் ஊரில் போலீசார் வரையும் வரைபடத்திலும் பார்வை மகசரிலும் தடத்தின் நீளமும் சாலையின் ஈரமும் அளவோடு ஏற வேண்டும். போக்குவரத்தைச் சீராக்க வண்டிகளை ஓரம் தள்ளிவிட்டு, மறுநாள் மழையும் பெய்துவிட்டால் பிறகு எந்த நிபுணர் வந்தும் பயனில்லை.

இவ்வளவு அளந்த பிறகும், விதியை மீறியவர் யார் என்று கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. அந்த மீறலால்தான் விபத்து நடந்ததா என்று பார்க்க வேண்டும். 2008இல் உச்ச நீதிமன்றம், லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினார் என்பதாலேயே ஒருவர் விபத்துக்குப் பங்காளி ஆகிவிட மாட்டார் என்றது. 2020இல் வந்த வழக்கு இன்னும் நுட்பமானது. மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போனார்கள். பின்னாலிருந்து கார் மோதி ஒருவர் இறந்தார். மூவர் போனதற்காக இழப்பீட்டில் குறைக்கப்பட்ட பங்கை உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது ஆள் இருந்ததால் விபத்து நேர்ந்தது என்றோ, அடி கடுமையானது என்றோ காட்டினால்தான் குறைக்க முடியும். 80இல் வந்த காரிடமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம்: 60இல் வந்திருந்தால் விபத்து தவிர்ந்திருக்குமா? மேலே போட்ட கணக்குக்கு நீதிமன்றத்தில் வேலை இருப்பது இங்கேதான்.

குற்ற வழக்கில் ஓட்டுநரைத் தண்டிக்க ஐயத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே போதும். அதனால், அங்கே விடுதலையானவரின் இன்சூரன்ஸ் நிறுவனம் இங்கே பணம் கட்ட நேரலாம். தவறு யாருடையது என்று நிறுவவே முடியாத குடும்பத்துக்கும் ஒரு வழி உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் தவறை நிரூபிக்காமலே தருகிறது.

பேருந்தும் லாரியும் மோதி, தூங்கிக்கொண்டிருந்த பயணிக்குக் கால் போனால்? தவறு இரு தரப்பிலும் இருக்கலாம். அவர் பக்கம் ஏதுமில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பின்படி அவர் முழுத் தொகையையும் இருவரில் எவரிடமும் கேட்டு வாங்கலாம். யார் பங்கு எவ்வளவு என்று அந்த இருவரும் பிறகு தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.