டயாலிசிஸ் இல்லாத சிகிச்சை

சிறுநீரகம் முற்றிலும் தளர்ந்துவிட்ட ஒரு முதியவரின் குடும்பத்தாரிடம், "டயாலிசிஸ் செய்யாமலேயே இவரைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று டாக்டர் கூறுகிறார். "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்றே அது அவர்கள் காதில் விழுகிறது. இதனால் விளையும் துன்பம் சிறிதன்று. சிலர் நிலத்தை அடகு வைத்து வேறு மருத்துவமனை தேடி அலைகின்றனர். சிலர் இருக்கும் மாத்திரைகளையும் நிறுத்திவிடுகின்றனர்.

இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிப்பதே டயாலிசிஸ். வழக்கமாக வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் ஆகும். அநேகருக்கு அது உயிர் காக்கும் சிகிச்சை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அடங்கும். ஆயினும் 75 வயது கடந்து, இருதய நோயும் உடல் தளர்ச்சியும் உள்ளவர்களுக்கு அதனால் கூடும் ஆயுள் சொற்பமாக இருக்கலாம். கூடிய நாட்களிலும் பல, மதுராந்தகத்துக்கும் செங்கல்பட்டுக்குமாகப் போய்வருவதிலேயே கழியலாம். துணைக்குச் செல்பவரின் கூலி நஷ்டம் எந்தத் திட்டத்திலும் அடங்குவதில்லை.

டயாலிசிஸ் செய்யாவிடினும் செய்ய வேண்டியவை பல உண்டு. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துதல், வீக்கத்துக்கும் மூச்சுத் திணறலுக்கும் நீர் பிரிக்கும் மாத்திரை, சோகைக்கு ஊசி, அரிப்புக்கும் குமட்டலுக்கும் மருந்து, உப்புக் குறைந்த உணவு ஆகியவை அவை. களைப்புத் தீர நாம் அன்போடு கொடுக்கும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. இந்நிலையில் அது இருதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். டாக்டரைக் கேளாமல் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளும் ஆகா. இவ்வழியில் நோய் குணமாகாது, முடிவு வரும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆகவே டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். டயாலிசிஸ் செய்தால் இவருடைய அன்றாட வாழ்வு எப்படியிருக்கும்? செய்யாவிட்டால் எப்படி? சிறிது காலம் செய்து பார்த்து நிறுத்தலாமா? இரவில் மூச்சு முட்டினால் யாரை அழைப்பது? "நீங்களே பார்த்துச் செய்யுங்கள், ஐயா" என்று கைகூப்பித் திரும்பிவிட்டால், நோயாளியின் விருப்பம் டாக்டருக்கு எவ்வாறு தெரியும்? டாக்டர்களும் கிரியாட்டினின் அளவைச் சொல்வதோடு நில்லாமல், நோயாளிக்கு என்ன விளங்கியது என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்பது நலம்.

பெரியவரை வெளியே உட்கார வைத்துவிட்டு மகன்கள் மட்டும் உள்ளே சென்று பேசுவது நம்மவர் வழக்கம். வெள்ளத்தையும் வறட்சியையும் கண்டு பயிர் செய்தவருக்குத் தம் உடம்பைப் பற்றிக் கேட்கத் தைரியம் இராதா? தெளிந்த அறிவுடைய, வயது வந்த ஒருவருக்குச் சிகிச்சையை மறுக்கும் உரிமை உண்டென்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் கூறியுள்ளது. ஒருமுறை எடுத்த முடிவை அவர் பிறகு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வந்து வேதனையைத் தணிக்கும் சிகிச்சையும் உண்டு. தம் ஊரில் இத்தகைய நோயாளி இருப்பின், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அக்குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். இதற்குத் தீர்மானமோ மனுவோ தேவையில்லை. மருத்துவமனைச் சீட்டுகளும் மாத்திரைகளும் ஒரே பையில் இருந்தால், வரும் செவிலியருக்கு வேலை எளிதாகும்.