11 பக்கம் செய்த புரட்சி!

பட்டத்துக்காக எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிப்பவர் யார்? பேராசிரியர்கள் சிலர்தான். பிறகு அது நூல்நிலைய அலமாரியில் தூங்கும்!

அமெரிக்க மாணவர் கிளாட் ஷானன் அதைத் தூங்க விடவில்லை.

1937-ல் எம்.ஐ.டி. என்ற உயர்கல்வி நிலையத்தில் அவர் ஆராய்ச்சிக் கட்டுரை கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 21.

டெலிபோன் நிலையம் போன்ற இடங்களில் உள்ள சுவிட்சுகளைப் பற்றியது அது.

சுவிட்சுக்கு இரண்டே நிலை: போட்டது, அணைத்தது. "ஆம், இல்லை" என்ற தர்க்கக் கணக்கும் அப்படித்தானே? அந்தக் கணக்கைப் போட்டே சுவிட்சுகளை அமைக்கலாம். வேண்டாத சுவிட்சுகளைக் குறைக்கலாம் என்று காட்டினார்.

அதைச் சுருக்கி, 1938-ல் அமெரிக்க மின் என்ஜினீயர்கள் சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார். மொத்தம் 11 பக்கமே! என்ஜினீயர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது.

இன்று கம்ப்யூட்டரும் செல்போனும் இயங்குவது அந்த "ஆம், இல்லை" கணக்கில்தான்!