மின்கம்பி எட்டாத தோட்டத்தில் விருந்தாளி

கரண்ட் கம்பமே இல்லாத தோட்டத்தில் கட்டணம் வாங்கி விருந்தாளிகளைத் தங்கவைக்க முடியுமா? தாராளமாக முடியும், கணக்குத் தெரிந்தால். நம்மூர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் பலகை நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும்; பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும், விடியவிடியச் சுற்றலாம்.

வில்லங்கம் வருவது விருந்தாளியின் பையிலிருந்துதான். முடி உலர்த்தும் கருவி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் எல்லாம் ஆயிரம் வாட்டுக்கு மேலேயே கேட்கும். மழைநாளில் ஒருவர் சொருகினால் போதும், இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துவிடும்.

உலர் கழிப்பறை இருந்தால் இன்னொரு பாடமும் உண்டு: மலத்தின் மேல் வாளித் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஒரு கை சாம்பலோ மரத்தூளோ தூவ வேண்டும். சிறுநீருக்குத் தனி வழி. நகரத்து ஆட்கள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள். சாம்பல் சரியாக விழுந்தால் நாற்றம் இராது.

தோட்டத்தில் விருந்தாளி என்பது புது யோசனை அல்ல; இத்தாலி 1985-லேயே பண்ணைத் தங்கலுக்குத் தனிச் சட்டம் போட்டது. விவசாயம்தான் முதல் தொழில், விருந்தாளி வருமானம் அதற்குத் துணை என்பது அங்கே நிபந்தனை.

அறைக் கதவில் ஒட்டும் அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. முன்பதிவுக்குப் போன் வரும்போதே கரண்ட், கழிப்பறை விஷயங்களையெல்லாம் சொல்லிவிடுங்கள்.