கொடைக்கானல் லாட்ஜ் அறையும் கிளவுட் கணினியும்

கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கைபேசி எண், வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறோம் என எல்லாவற்றையும் நிரப்பி அனுப்புகிறோம். இதுபோல் நாம் கொடுக்கும் தகவல்கள் இன்று பெரும்பாலும் வாடகைக் கணினிகளில்தான் இருக்கின்றன. ஒரே பெரிய இயந்திரத்தைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து வாடகைக்கு விடுவார்கள். அதைத்தான் கிளவுட் என்கிறோம்.

மலையில் லாட்ஜ் எடுத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அறை நம்முடையது, மாற்றுச் சாவியோ முதலாளியிடம். வாடகைக் கணினியிலும் இதே நிலைதான் இருந்தது. டிஸ்கில் கிடக்கும்போதும் இணையத்தில் பயணிக்கும்போதும் தகவலைப் பூட்டி வைக்கலாம். ஆனால் அது நினைவகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது திறந்தே கிடந்தது.

2017-இல் ஏஎம்டி நிறுவனம் தன் எபிக் சிப்பில் இதற்கு வழி செய்தது. பிறகு இன்டெலும் டிடிஎக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் நினைவகத்துக்கும் தனிச் சாவி. அது சிப்புக்குள்ளேயே இருக்கும், இயந்திரத்தின் சொந்தக்காரருக்குக் கிடைக்காது.

ஆனால் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க முடியுமா? டீ வர வேண்டும், துணி வெளுக்கப் போக வேண்டும். அதற்காக வாசலில் ஒரு மேசை போடுகிறோம். நினைவகம் 4 கிலோபைட் அளவுள்ள சிறு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் 'தனிப்பட்டது' அல்லது 'பகிர்ந்தது' என்ற நிலையில் இருக்கும். நெட்வொர்க்குக்கும் டிஸ்குக்கும் போக வேண்டியது பகிர்ந்த பக்கத்தில் வைக்கப்படும். அதை இயந்திரக்காரரும் படிக்கலாம். எந்தப் பக்கம் யாருடையது என்று சிப்பே பதிவேடு வைக்கும் முறையை 2021-இல் ஏஎம்டி சேர்த்தது.

சிக்கல் நிலை மாறும் இடத்தில்தான். பகிர்ந்த பக்கத்தைத் திரும்பத் தனிப்பட்டதாக்கும்போது அந்த மாற்றம் தோற்றுப்போகலாம். லினக்ஸில் சில இடங்களில் இந்தத் தோல்வியைப் பொருட்படுத்தாமல், அந்தப் பக்கத்தைப் பொதுக் கையிருப்பில் சேர்த்துவந்தார்கள். அடுத்து அதில் ஒரு பாஸ்வேர்டு எழுதப்பட்டால்? அறைக்குள் இருப்பதாக நினைத்து வாசல் மேசையிலேயே நகைப்பெட்டியை வைத்த கதைதான்.

2024-இல் இதைத் திருத்தினார்கள். நிலை உறுதியாகாத பக்கத்தை இனி எதற்கும் பயன்படுத்தாமல் அப்படியே கைவிட்டுவிடுவது. 4 கிலோபைட் வீண்தான், போகட்டும். சந்தேகமானதை விட்டுவிடும் பேணுதல் நமக்குப் புதிதல்லவே!

நிக்காஹ் பதிவேட்டையும் சந்தாக் கணக்கையும் கிளவுடில் ஏற்றும் ஜமாஅத்துகள் பெருகிவருகின்றன. அவை மக்களின் அமானிதம். சேவை தருபவரிடம், "எங்கள் தகவல் வேலையில் இருக்கும்போதும் குறியாக்கத்தில் இருக்குமா?" என்று கேளுங்கள். ஆம் என்றாலும், இந்தப் பூட்டு இயந்திரக்காரரைத்தான் தடுக்கும். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டி வைக்கும் நம் அலுவலகப் பையனை எந்தச் சிப்பும் தடுக்காது.